நடுவில் நிற்காத வண்டி

அப்பாவை விமானத்தில் சென்னைக்குக் கூட்டிப்போவதென்று நான் முடிவு செய்ததற்கு ஒரே காரணம், அது நடுவில் எங்கும் நிற்காது என்பதுதான்.

அப்பா மாஞ்சோலை மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வுபெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மறதி வந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனபோது, அந்த வேலையை மட்டும் ஏனோ விட்டுவைத்தது. போன தடவை ரயிலில்தான் கூட்டிப்போனேன். விருதுநகரில் வண்டி நின்றதும், நான் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்த நேரத்தில் இறங்கிவிட்டார். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, “டீ குடிக்கவிய சீக்கிரம் குடிச்சிட்டு ஏறுங்க, வண்டி எடுக்கப் போவுது” என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அவரை இழுத்துக்கொண்டு மறுபடி ஏறியபோது வண்டி நகர ஆரம்பித்திருந்தது. இனி ரயில் கிடையாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

சென்னையில் ஒரு நரம்பு டாக்டர். அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்து, விமானம் ஏறும் நாளுக்கு மறுநாள் காலையில் நேரம் கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் இன்னும் பல மாதம் ஆகும். அதற்குள் அப்பாவிடம் என்ன மிச்சம் இருக்குமோ என்கிற பயம் எனக்கு. என் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. சில நாள் காலையில் மட்டும் நான் மகள் என்று தெரியும். மற்ற நேரமெல்லாம் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார். பாளையங்கோட்டையில் நான் டீச்சராகத்தான் இருக்கிறேன், அதனால் அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஆனால் பெற்ற தகப்பன் ‘டீச்சர், வாங்க, உக்காருங்க’ என்று மரியாதையாகச் சொல்லும்போது, எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவேன்.

யாரென்று தெரியாவிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் அப்பா அமைதியாக இருப்பார். கையை விட்டால் எழுந்து டிக்கெட் போடப் போய்விடுவார். ஆகவே அந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை.

வாகைக்குளம் விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் இரண்டு போர்டிங் சீட்டுகளைக் கொடுத்தாள். அப்பாவுக்கு முன்பக்கத்திலிருந்து நாலாவது வரிசை. எனக்குக் கடைசிக்கு முந்தின வரிசை. சென்னையில் இருக்கும் தம்பிதான் டிக்கெட் எடுத்திருந்தான். இருக்கையைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தகப்பனும் மகளும் சேர்ந்து உட்காருவதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிற வண்டி ஒன்று உண்டென்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அப்பாவின் நிலைமையை எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“ஃப்ளைட் ஃபுல் மேடம். உள்ள போய் யாரையாவது மாத்திக்கச் சொல்லிக் கேளுங்க.”

எனக்கு முன்னால் நின்றவருக்கும், பெட்டி எடை கூடிப்போனது என்று சண்டை போட்டவருக்கும் அதே சிரிப்பைத்தான் கொடுத்தாள். நானும் நகர்ந்துவிட்டேன்.

விமானம் தாமதம் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் தாமதம் என்றார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “டிரைவர் வந்துட்டாரா?” என்று கேட்டார்.

“வந்துக்கிட்டிருக்காவப்பா.”

“மழை பெய்ஞ்சிருக்கும். மேல மண்ணு சரிஞ்சிருக்கும்” என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். காரணம் சொல்லாமல் காத்திருக்க வைத்த அந்தக் கம்பெனியைக் காட்டிலும் அப்பா மேல் என்று நினைத்தேன்.

ஒருவழியாக ஏறச் சொன்னதும் மொத்தக் கூட்டமும் எழுந்து கதவை மறித்தது. நெல்லை புது பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவனுக்காவது ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே அவரவர் இடம் கையிலிருக்கும் சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இப்படி முண்டுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. “பைய வாங்க, பைய. எல்லாருக்கும் எடம் இருக்கு” என்றார். சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சின்ன விமானம். பின்பக்கம் ஏற வேண்டும், நடுவில் ஒற்றை வழி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை. எங்கள் ஊர் பஸ்ஸை இடுக்கிச் செய்தது மாதிரி இருந்தது. என் இருக்கையைத் தாண்டி அப்பாவை முன்னால் கூட்டிப்போய் அவர் இடத்தில் உட்காரவைத்தேன். பக்கத்தில் ஜன்னல் ஓரத்தில் ஒரு இளைஞன், காதில் எதையோ செருகிக்கொண்டு இருந்தான். விஷயத்தைச் சொல்லி, பின்னால் என் இருக்கைக்குப் போக முடியுமா என்று கேட்டேன்.

“சாரி ஆன்ட்டி. இது நான் பார்த்து எடுத்த சீட்” என்றான். உடனே மறுபடியும் காதை அடைத்துக்கொண்டான். என் வகுப்பில் இருந்திருந்தால் அந்தக் காதைத் திருகியிருப்பேன். அந்தப் பக்கம் இருந்த தம்பதியைப் பார்த்தேன். அவர்கள் அவசரமாகப் பெல்ட்டைத் தேட ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்னால் வழி அடைத்து ஆட்கள் நின்றதால், விமானப் பணிப்பெண் என்னைப் பின்னால் போகச் சொன்னாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு பார்க்கலாம் என்றாள். வேறு வழியில்லாமல் அப்பாவின் கையை விட்டேன்.

நான் என் வரிசைக்கு வந்து திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். வழியில் நின்றுகொண்டு, மேலே பை வைக்கிற தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீய” என்றார். பணிப்பெண் வந்து ஆங்கிலத்தில் உட்காரச் சொன்னாள். “நீங்க எங்கனம்மா எறங்கணும்? டிக்கெட் எடுத்தாச்சா?” என்று அவளைக் கேட்டார். இரண்டு வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். அந்த போனைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது எனக்கு.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். அதற்குள் மஞ்சள் சட்டை போட்ட ஒரு அதிகாரி விமானத்துக்குள் வந்திருந்தார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது.

“பெரியவர் இப்படி நின்னா கூட்டிட்டுப் போக முடியாது மேடம். ரெண்டு பேரும் இறங்க வேண்டியிருக்கும்.”

“நான் பக்கத்துல உக்காந்தா அவிய உக்காந்துருவாவ. அவ்வளவுதான் சார். ஒரே ஒரு எடம்தான் கேக்கேன்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. ஜன்னல் ஓரத்து இளைஞன் கண்ணை மூடியிருந்தான். வகுப்பில் அத்தனை பிள்ளைகளை அடக்குகிறவள் நான். அங்கே நின்று, வாய் கோணி, அழுகையை அடக்க முடியாமல் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, மறுநாள் டாக்டரைப் பார்க்க முடியாதே என்பதுதான் பெரிதாக இருந்தது.

அப்போது அப்பா என் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து அந்த இளைஞனின் தோளில் தட்டினார்.

“ஏலே தம்பி, எந்திரி. இந்த அம்மா எவ்வளவு நேரமா நிக்காவ. பொம்பளையாளு அழுதுக்கிட்டு நிக்கையில நீ கண்ண மூடிக்கிட்டு இருக்கியே. பின்னால எடம் கெடக்கு, போ.”

சத்தம் போடவில்லை. மலைப்பாதையில் நிறைந்த பஸ்ஸில் எத்தனையோ பேரை எழுப்பி எத்தனையோ பேருக்கு இடம் வாங்கிக் கொடுத்த குரல் அது. மறுத்துப் பேசலாம் என்று அதைக் கேட்கிறவர்களுக்குத் தோன்றாது. அவன் காதில் இருந்ததைக் கழற்றினான். அதிகாரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

“உக்காருங்கம்மா” என்று அப்பா எனக்கு ஒதுங்கி வழிவிட்டார். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் வழி நெடுகப் பின்கதவு வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். “ஏறியாச்சு. ரைட்” என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதிகாரி தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் அப்பாவுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விலக்கவில்லை.

விமானம் மெல்ல நகர்ந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்து, அழுத பெண்ணிடம் பேசுகிற தணிந்த குரலில் கேட்டார்.

“எங்கனம்மா போகணும்?”

“சென்னைக்கு.”

“தனியாவா வந்திய?”

“இல்ல. அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன். அவியளுக்கு ஒடம்புக்குச் சரியில்ல.”

அவர் கவலையோடு கழுத்தைத் திருப்பி முன்னும் பின்னும் தேடினார்.

“வயசானவியளாச்சே. அவியளுக்கு எடம் கெடச்சிட்டா?”

“கெடச்சிட்டுப்பா” என்றேன்.