தகரம் குறித்த ஒரு திருத்தம்

எங்கள் அன்புத் தந்தையார் இவ்வுலக வாழ்வை நிறைவு செய்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நான் எழுதப் போகிறேன் என்றதும் பெரியப்பா என்னைத் தனியே அழைத்து, "ஏட்டி, அப்பா காலேஜ்ல சரித்திரம் நடத்துனாகன்னு மட்டும் போடு. என்ன சரித்திரம்னு எழுதாத. சம்பந்தக்காரங்க படிப்பாங்க" என்றார்கள். பெரியப்பா மன்னிக்க வேண்டும். அப்பா வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தது இஸ்லாத்தை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அதை விட்டுவிட்டு எழுதினால் இந்த மலரும் அங்கேதான் போகும்.

அப்பா பிறந்தது வடகரையில், நெல்லும் தென்னையும் உள்ள குடும்பத்தில். மகன் விவசாய அதிகாரியாக வருவான் என்று தாத்தா நம்பியிருக்க, அப்பா வெளியூர் போய் அரபி படிக்கச் சேர்ந்தார்கள். அறுப்பு முடியும் வரை தாத்தா பேசவில்லையாம். பையன் மதம் மாறிவிட்டான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அடுத்த விடுமுறைக்கு அப்பா வந்தபோது, வழக்கத்தைவிட அகலமாகத் திருநீறு பூசிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அதைப் பார்த்ததும் ஊருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

வேலை எளிதில் கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வில், "நீங்கள் ஏன் இதைப் படித்தீர்கள்?" என்று இந்துக் கல்லூரிகளில் கேட்டார்கள். "நீங்கள் எப்படி இதை நடத்துவீர்கள்?" என்று முஸ்லிம் கல்லூரிகளில் கேட்டார்கள். அந்த ஆண்டுகளில் தென்காசியில் அம்மாவின் பள்ளிக்கூடச் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. அம்மா அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவார்கள்.

ஒரு மதத்தை அதன் பழைய நூல்களில்தான் தேட வேண்டும் என்று அப்பா முதலில் நம்பினார்கள். அவர்களுடைய பள்ளித் தோழர் காதர் மாமா குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தார்கள். சீசன் நேரத்தில் கூட்டம் அலைமோதும் கடையில் நின்றுகொண்டு, "உங்க வீட்டுக் கல்யாணத்துல செய்யுத சடங்குல பாதி, புஸ்தகத்துலயே கெடையாதுலே" என்று அப்பா விளக்கியிருக்கிறார்கள். மாமா மங்குஸ்தானை எடை போட்டபடியே சொன்னார்களாம். "ஏலே, புஸ்தகம் எழுதுனவரு எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வரலல்லா."

இதைத்தான் பின்னர் வெளிநாட்டு அறிஞர்கள் பெரிய பெரிய சொற்களில் சொன்னார்கள். நூலை மூடிவிட்டு மனிதர்களைப் பார், அவர்கள் வாழ்கிற மார்க்கத்தைப் பார் என்று காற்று திசை மாறியது. அப்பாவும் மாறினார்கள். குற்றாலம் போகிற வழியில் ஒரு சிறிய தர்கா உண்டு. சாரல் காலம் முழுக்க அதன் எதிரே குடைபிடித்து உட்கார்ந்து, வருவோர் போவோரைக் கவனித்தார்கள். எல்லோரும் வாசலில் ஒரு கணம் தயங்கினார்கள். தலையை நன்றாகத் தாழ்த்தினார்கள். இடப்பக்கம் ஒதுங்கி உள்ளே போனார்கள். இந்தக் குனிதலைப் பற்றி அப்பா ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். பணிவு, எல்லை, இரு உலகங்களின் சந்திப்பு என்று பல உட்தலைப்புகள் அதில் உண்டு. அது அயல்நாட்டு வகுப்புகளில் பாடமானது. அப்பாவுக்கு நிலையான வேலையும் அதனால்தான் கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கம் போனபோது தர்காவின் முகப்பு புதுப்பிக்கப்பட்டிருந்தது. மக்கள் நிமிர்ந்த தலையோடு நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் குனியவில்லை.

"ஏன் யாரும் குனியல?" என்று அப்பா கேட்டார்கள்.

"தகரத்த எடுத்துட்டாகல்லா" என்றார்கள் அம்மா. "வாசல்ல வலப்பக்கம் கூரைத் தகரம் தொங்கிக் கெடந்துது. நானே ஒருதடவ உள்ள போகையில நெத்தியில இடிச்சுக்கிட்டேன்."

அப்பா ஐந்தடிக்குச் சற்றே அதிகம். அம்மா அப்பாவைவிட நல்ல உயரம். எத்தனையோ தடவை போய்வந்தும் அந்தத் தகரம் அப்பாவின் தலையைத் தொட்டதே இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்ன எழுதுதீகன்னு என்கிட்ட என்னைக்குச் சொன்னீக?"

வேறொருவராக இருந்தால் இதோடு விட்டிருப்பார்கள். அப்பா திருத்தக் கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். எழுதியவர் பெயரை மறைத்துத்தான் மதிப்பீட்டாளருக்கு அனுப்புவார்கள். அவர் கட்டுரையை நிராகரித்துவிட்டார். தகரம் என்ற மேலோட்டமான காரணம் மக்களின் உள்அனுபவத்தைச் சிறுமைப்படுத்துகிறது என்றும், இத்துறையின் முக்கியமான கட்டுரையை ஆசிரியர் முதலில் படிக்க வேண்டும் என்றும் குறிப்பு வந்தது. அவர் சொன்ன முக்கியமான கட்டுரை அப்பாவுடையது.

அதற்குள் காற்று மறுபடி மாறியிருந்தது. ஆராயப்படுகிறவர் இருக்கட்டும், ஆராய்கிறவர் யார், எந்தக் கண்ணோடு பார்த்தார் என்று கேட்பதே இப்போது ஆய்வு. "மொதல்ல புஸ்தகம்னாக, பெறகு மனுசன்னாக, இப்பத் தன்னையே பாக்கணும்ங்காக. இதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே" என்றார்கள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை. தான் எந்த உயரத்திலிருந்து பார்த்தோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைவிடப் பெரிய சங்கடம் பின்னால் வந்தது. தர்காவின் கந்தூரி விழா மலரில் யாரோ அந்தப் பழைய கட்டுரையைத் தமிழாக்கி வெளியிட, இளைஞர்கள் தங்கள் பாரம்பரியம் அறிந்து வாசலில் குனியத் தொடங்கினார்கள். அப்பா ஓட்டமும் நடையுமாக நிர்வாகியிடம் போனார்கள்.

"அது தகரத்துக்காகக் குனிஞ்சது. நான் தப்பா எழுதிட்டேன்."

"இருக்கட்டும் சார். பயலுக முன்னெல்லாம் போன் பேசிக்கிட்டே உள்ள வருவானுவ. இப்ப மரியாதையா வருதானுவ. இதையும் தப்புன்னு சொல்லாதீக."

அப்பா வீடு திரும்பினார்கள். "இப்ப நான் எழுதுனது நெசமாயிட்டும்மா. அதான் பயமா இருக்கு" என்று என்னிடம் சொன்னார்கள். நாங்கள் சிரித்தோம். ஆனால் அப்பாவுக்கு அது தமாஷாக இல்லை. தன் சோற்றுக்கு வழி செய்தது ஒரு பிழை என்ற எண்ணம் கடைசிவரை உறுத்தியது. மருத்துவமனையில் மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் சொன்னது தப்புன்னு யாராவது அச்சடிக்கணும்மா" என்றார்கள். அந்த நேரத்தில் வேறெதையாவது கேட்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு வராண்டாவில் நின்று அழுதேன்.

எனவே, எந்த ஆய்விதழும் வெளியிடாததை இந்த நினைவு மலர் வெளியிடுகிறது: அவர்கள் குனிந்தது தகரத்துக்காக. பந்தி முடிந்து இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், இந்த ஒரு வரியைப் படித்துவிட வேண்டுகிறேன்.

அப்பாவை இறுதிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், துயரில் தோள் கொடுத்த வடகரை உறவினர்கள், தென்காசியில் எங்கள் தெருக்காரர்கள், இத்தனையையும் எழுத விட்டுவிட்ட பெரியப்பா, அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசியாகக் காதர் மாமாவுக்கு.

அச்சுக்குப் போகும் முன் இக்கட்டுரையை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "போட்டுரு. அவன் ஆசப்பட்டது" என்றார்கள். பிறகு சொன்னார்கள்.

"அவனத் தூக்கிட்டுப் போன மறுநாளு தர்காவுக்குப் போனேன். தகரம் கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் குனிஞ்சுதான் போனேன், தாயி. நிமிந்து போக மனசு வரல."

அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. அப்பாவிடம் போய்ச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.