சாம்பல் நிறக் கப்பி மீன்கள்

உள்ளங்கை அளவில் ஒரு பச்சை வலை. வெள்ளவத்தையில் நான் வேலை செய்த வளர்ப்பு மீன் கடையை மூடியபோது முதலாளி எனக்குத் தந்தது. யுத்த வருடங்களில் அந்த வலையால்தான் கப்பி மீன்களைப் பிரித்தோம். ஒரே தாய் போட்ட ஆண்குஞ்சுகளில் சில சிவப்பு வாலோடு வளரும், சில சாம்பலாகவே நிற்கும். சிவப்பை இனத்துக்கு வைத்துக்கொண்டு, சாம்பலைப் பின்பக்கக் கழிவுநீர்க் கானில் கொட்டச் சொல்வார் முதலாளி. கான் கால்வாயில் போய் விழும். தவறிப்போய் அங்கே சேர்ந்த சிவப்பு வால்களைக் கொக்கு முதலில் கொத்திவிடும். சேற்று நிறத்தோடு ஒன்றிய சாம்பல்தான் பெருகும். "இஞ்ச என்ர கண்ணுக்குப் பிடிச்சது மிஞ்சும், அங்க கொக்கின்ர கண்ணில படாதது மிஞ்சும்" என்பார்.

அக்காவுக்கும் அதையேதான் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் இருவரும் கால்வாயோரம் ஓர் அறையில் இருந்தோம். அவள் தெகிவளையில் ஒரு தையல் கடைக்கு பஸ்ஸில் போய்வருவாள், தமிழச்சி என்று காட்டிக்கொடுக்கும் பொட்டு நெற்றியில்.

"தங்கச்சி, செக்பொயின்ற் தாண்டுமட்டும் அந்தப் பொட்டை அழிச்சுப்போட்டுப் போங்கோவன். கால்வாய் மீன் மாதிரி இருக்கப் பழகோணும்" என்றார் முதலாளி.

"அப்ப உங்கட சிவப்பு வாலுகளுக்கும் சாம்பல் பூசிவிடுங்கோ, முதலாளி" என்று அக்கா சிரித்தாள்.

ஒரு காலை செக்பொயின்ற்றில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையை வாங்குமுன்பே நெற்றியைப் பார்த்து அவளை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். பொலிஸில் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று பிறகு விட்டார்கள். அதற்குள் தையல் கடையில் அவளுடைய மெஷினில் வேறொருத்தி இருந்தாள்.

அங்கிருந்து நேரே எங்கள் கடைக்கு வந்தவளிடம் முதலாளி, "நான் சொன்னனான்தானே" என்றார். கெட்ட மனிதரில்லை; அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. பிடித்தவனை விட்டுவிட்டு, பிடிபட்டவளின் பொட்டில் குற்றம் கண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "கொக்குக்குப் பசி, முதலாளி. என்னைப் பிடிச்சவனுக்கு என்ன?"

கொட்டுவதற்காக வாளியில் பிரித்து வைத்திருந்த சாம்பல் மீன்களை நான் திரும்பத் தொட்டியிலேயே விட்டேன். வாய் திறந்து பேச வராதவன் வேறென்ன செய்வது? முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

அண்மையில் ஒரு படித்த மனிதர், "அந்தக் காலத்தில சூழலுக்கேற்ப மாறின ஆக்கள்தான் தப்பினவை" என்று என் முன்னால் பெருமையாகக் கதைத்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கேட்கிறேன். மீன் யோசித்து நிறம் எடுப்பதில்லை, பிறந்தபடி பிறக்கிறது. கொக்கும் யோசித்துக் கொத்துவதில்லை. வீதியில் துவக்கோடு நின்றவன் யோசிக்கத் தெரிந்த மனிதன். அவன் செய்ததை ஏன் ஐயா இயற்கையின் தலையில் கட்டுகிறீர்கள்?

பச்சை வலை இப்போது என் வீட்டுத் தொட்டியருகே தொங்குகிறது. சிவப்பும் சாம்பலும் ஒன்றாக நீந்துகின்றன. இனம் கெட்டுப்போகும் என்கிறார்கள். கெடட்டும். தண்ணீரில் விழுந்த இலைகளை மட்டுமே அந்த வலையால் அள்ளுகிறேன்.