கவிழ்த்து வைத்த ஐந்து கோப்பைகள்

ஓரின் ஸ்கார் தாத்தா ஆகிவிட்டார்! சனிக்கிழமை மதியம் அந்தச் செய்தியோடு அவர் மார்லிஸின் பாருக்குள் நுழைந்ததும், கூச்சலில் கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது. ஆளாளுக்கு அவருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் மின்னசோட்டாப் பக்கத்தில், ஒருவர் குடிக்க இன்னொருவர் முன்கூட்டியே காசு கொடுத்துவிட்டால் அவர் முன்னால் ஒரு சின்னக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். கோப்பைக்கு ஒரு முறை என்று அவர் கேட்கும்போது ஊற்ற வேண்டும். கடைக்காரி மார்லிஸும் குஷியில் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே போனாள்.

இன்னும் ஐந்து பாக்கி இருக்கும்போது ஓரின் எழுந்தார். அவரோடு ஸ்டூலும் சாய்ந்தது.

"அடுத்தத ஊத்து தாயி! குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி பேத்தியப் பாக்கணும்."

மார்லிஸ் பாட்டிலை மூடினாள். தள்ளாடுகிறவனுக்கு ஊற்றிக் கொடுத்து, அவன் வண்டியில் போய் யாரையாவது மோதினால், ஊற்றியவரையும் கோர்ட்டுக்கு இழுக்கலாம். பக்கத்து ஊர் பார் அப்படித்தான் பூட்டிக் கிடக்கிறது. அவளுக்கென்று இருந்ததோ இந்தக் கடை ஒன்றுதான்.

"ஊத்த மாட்டேன். வண்டிச் சாவியக் குடுங்க."

"ஓசியிலயா கேக்குறேன்? காசு குடுத்தாச்சுல்ல!" ஐந்து கோப்பைகளையும் வாரிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

"விடு மார்லிஸ், நல்ல நாளும் அதுவுமா!" என்றது கூட்டம். நல்ல நாளாம்! வாங்கிக் கொடுத்த புண்ணியவான்கள் ஒருவர்கூட இடத்தை விட்டு அசையவில்லை. மார்லிஸ் கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடி, அவர் கிளப்பிய வண்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"நகரு! பைத்தியமா உனக்கு?"

"என் மேல ஏத்திட்டுப் போங்க. பேத்திய ஜெயில்லேருந்து பாருங்க."

ஓரின் ஹாரனை அழுத்தினார். குளிரில் அவள் பற்கள் தந்தியடித்தன. கால்கள் மட்டும் நகரவில்லை. கடைசியில் சாவி ஜன்னல் வழியே வந்து பனியில் விழுந்தது.

கல்லாவைக் கூட்டத்தை நம்பி விட்டுவிட்டு, மார்லிஸ் தன் காரிலேயே அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். "கோர்ட்டுக்குப் பயப்படுற பயந்தாங்கொள்ளி" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆற்றுப் பாலத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம். வெயிலில் கண் கூச, எதிரே ஒரு நீலக் கார் பாலத்தில் ஏறிவிட்டதை மார்லிஸ் கடைசி நேரத்தில் பார்த்தாள். பிரேக்கை மிதித்தாள். கார் பனியில் வழுக்கி, பாலத்துக்கு முன்னால் நின்றது.

நீலக் கார் மெல்ல வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டியது மருமகன். பின் சீட்டில் ஓரினின் மகள் சிக்னே. அவள் பக்கத்தில் சின்னக் குல்லாய்க்குள் ஒரு சிவந்த முகம்.

"அப்பா! ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உங்ககிட்ட காட்டத்தான் நேரா பாருக்கு வந்துக்கிட்டிருக்கோம்!"

ஓரின் பேத்தியைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டு, ஐந்து கோப்பைகளையும் எடுத்து மார்லிஸின் மடியில் போட்டார்.