பச்சோந்தியின் திரைகள்

என் தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் பச்சோந்தி என்று பேர். குணத்தைப் பார்த்து வைத்த பேரில்லை. குணத்தில் அவன் தங்கம். அங்கே கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் திரை திங்கட்கிழமை இருந்த மாதிரி செவ்வாய்க்கிழமை இருக்காது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸுக்குத் திரை முகப்பு பலவிதம் உண்டாம். உள்ளே இருக்கிற ஆள் ஒருத்தன்தான், போட்டுக்கொள்கிற சட்டைதான் வேறு என்பான். கேடிஈ என்கிற முகப்பு என்றால் பொத்தான் வரைக்கும் நாமே தைத்துக்கொள்ளலாம். க்னோம் சீருடை, கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். எக்ஸ்எஃப்சிஇ வீட்டில் போடுகிற பழைய சட்டை, பகட்டில்லை, உடம்புக்குச் சுகம். சாப்பிட உட்கார்ந்துதான் இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வரும். தட்டில் போட்டது ஆறி அவலாகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் நான் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன்; புகுந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது என் வாய் ஒன்றைத்தான்.

அவன் பெண்டாட்டி அவனுக்கு நேர்மாறு. பாடப்புத்தகம் போடுகிற ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறவள். ஒற்று விட்டுப்போனால் அவளுக்குத் தூக்கம் வராது. திரை பச்சையா நீலமா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள்.

அவள் கண் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. முதலில் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். நான்கூட, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறாய் என்று ஏசினேன். டாக்டர் பார்த்துவிட்டு, போன பார்வை திரும்பாது, இருக்கிறதும் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரிக் குறைந்துகொண்டே போகும் என்றார். வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. "அண்ணி, இந்த வேலை இருக்கிற வரைக்கும் நான் நானா இருப்பேன். அது போச்சுன்னா நீங்க கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போற ஆளுதான்" என்றாள்.

தம்பி அன்றிலிருந்து விளையாட்டை விட்டான். அவளுக்கு எந்த முகப்பு சரிப்படும் என்பதுதான் அவன் கவலை. க்னோமில் ஒரு மூலையில் மவுஸ் அம்பு பட்டால் திறந்திருந்த எல்லாமே சின்னச் சின்னதாகி விலகி நிற்கும். குழாய்க் கண்ணுக்கு அது திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த கதை. கேடிஈயில் அம்பைப் பெரிதாக்கினான், எழுத்தைப் பெரிதாக்கினான். எழுத்து பெரிதாகப் பெரிதாக, அவள் பார்வைக்குள் பாதிச் சொல்தான் அடங்கியது. அதையும் மாற்றினான். தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எதையாவது திருத்துவான். மறுநாள் காலை அவள் தடவிக்கொண்டிருப்பாள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவள் கை படித்து வைத்திருக்கும், இவன் அதை நகர்த்தியிருப்பான்.

கடைசியில் ஒருநாள் மவுஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு நல்லதா எதுவும் வேண்டாங்க. நேத்து இருந்த எடத்துல இன்னைக்கும் இருந்தாப் போதும்" என்றாள். அவன் முகம் தொங்கிப்போனது. அன்றே எக்ஸ்எஃப்சிஇயைப் போட்டு, எதுவும் அசையாதபடி பூட்டினான். அதற்கப்புறம் ஒரு வருஷம்போல வீடு நிம்மதியாக இருந்தது. அவன் கை அரித்திருக்கும். ஆனாலும் அவள் திரையை அவன் தொடவில்லை.

பிறகு அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது.

திரையைப் படித்துச் சொல்கிற குரல் க்னோமில்தான் தடங்கலில்லாமல் ஓடும் என்று, ஒதுக்கி வைத்த சீருடைக்கே திரும்பப் போனான். குரல் தகரத்தில் பேசுகிற மாதிரி இருந்தாலும் அவள் பழகிக்கொண்டாள். பழக முடியாதது ஒன்று இருந்தது. அதன் வாயில் மனமும் ஒன்று, மணமும் ஒன்று. மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு இதைவிட வேறென்ன கேடு வேண்டும்? தம்பி ராப்பகலாக உட்கார்ந்து, சந்தேகம் வருகிற இடத்தில் அவள் ஒரு விசையைத் தட்டினால் குரல் 'ரெண்டு சுழி', 'மூணு சுழி' என்று சொல்லும்படி செய்தான். ஒரு பக்கம் முடிக்க ஒரு சாயங்காலம் போகும். முடித்ததை அவன்தான் அச்சகத்துக்கு அனுப்புவான். அச்சகத்துக்காரர் ஒரு குறையும் சொல்லவில்லை. எமகாதகி என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

போன மாதம், அவள் திருத்தங்களைச் சேர்த்த இரண்டாம் மெய்ப்பு அச்சடித்த தாளாக வந்தது. என்னைக் கூப்பிட்டு, ஐந்தாம் பாடத்துக் கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள். 'அவன் மனம் தெளிந்தது' என்று படித்தேன்.

"எந்த ன, அண்ணி?"

"ரெண்டு சுழி. சரியாத்தானே இருக்கு?"

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நான் அதை வேணும்னே மூணு சுழியா மாத்தி அனுப்பினேன்" என்றாள், அவன் பக்கம் முகத்தைத் திருப்பி. "நீங்க பாத்துட்டுத்தான் அனுப்புறீங்களா?"

அவன் இன்னொரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தான். பொய் சொல்லித் தொலையேன்டா என்று எனக்குள்ளே அடித்துக்கொண்டது. அவனுக்குப் பொய் வராது.

"எத்தனை நாளா?"

"குரல் போட்டதுலேர்ந்தே."

"நெறைய தப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்றான்.

அவள் வெகுநேரம் அந்தத் தாளைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். "திரையை மட்டுந்தான் மாத்துறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு எழுந்து, எப்போதும் பிடித்து நடக்கிற சுவரைத் தொடாமல், என் பக்கமாகக் கையை நீட்டினாள். "அண்ணி, என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க."