தமிழாசிரியர் எழுதிய திராட்சைத் தோட்டம்

பத்தாவது வரை படித்து, திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் நான் புத்தகங்களைப் பற்றி எழுதுவது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னமனூரில் எங்கள் தெருத் தமிழாசிரியர்தான் எனக்குப் படிக்கப் புத்தகம் கொடுப்பார். வேறு வழி எனக்கு இல்லை. ஒருமுறை அவரே எழுதிய நாவலைக் கொடுத்தார். அதில் அம்மா சாகும் இடத்தில் அழுதேன். தோட்டம் வரும் பக்கங்களை மட்டும் நம்ப முடியவில்லை.

திருப்பிக் கொடுத்தபோது, "உள்ளதைச் சொல்லும்மா" என்றார்.

"கதை நல்லாருக்கு சார். ஆனா கொடியைக் கவாத்து வெட்டின மறுமாசமே பழம் பறிக்கிறாக. நாலு மாசமாகும்ல?"

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஊருல ஒருத்தரும் இதைச் சொல்லலையே."

"படிச்சாகளா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் அடுத்த புத்தகத்துக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே, "புத்தகம் ஒண்ணும் இல்லையாம்" என்றார்.