வெறுங்கை

எம்.எல்.ஏ. ஆன பிறகுதான் குத்துவிளக்கை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்தது சின்னக் காமாட்சி விளக்கு. விழாக்களில் வைப்பது என் இடுப்பு உயரம் இருக்கும். ஐந்து முகம், ஐந்து திரி. ஒருவர் மெழுகுவத்தியைக் கொளுத்திக் கொடுக்க, மேடையில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு திரியைப் பற்றவைப்பார்கள்.

நான் போன முதல் விழா அனுமந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு. ரிப்பன் வெட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். தட்டில் கத்தரிக்கோல் வந்தது, வெட்டினேன், எல்லாரும் கை தட்டினார்கள். விளக்குக்கு வந்தபோது மெழுகுவத்தி என்னைத் தாண்டி இந்தப் பக்கம் ஒருமுறை போனது, அந்தப் பக்கம் ஒருமுறை போனது. ஐந்து திரியையும் ஏற்றிவிட்டார்கள். சரி, ஐந்து பேருக்குத்தானே இடம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது விழாவில் நான் காரை விட்டு இறங்கும்போதே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "நல்ல நேரம் முடியப் போவுதுன்னு முன்னாடியே ஏத்திட்டோம்மா" என்றார்கள். மூன்றாவது விழாவிலும் நல்ல நேரம் முடியப் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகிறது. கத்தரிக்கோலுக்கு அது தெரியவில்லை. விளக்குக்குத் தெரிந்திருக்கிறது.

நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நான்காவது விழாவுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். பந்தல்காரர் அப்போதுதான் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தார். என் உதவியாளருக்கு அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், முறை தெரிந்தவர்.

"அம்மா, எம்.எல்.ஏ. லேட்டா வந்தாதாம்மா மரியாத."

"உப்பளத்துக்கு விடியறதுக்கு முன்னாடி போயி பழகனவ நான். லேட்டா போனா மேஸ்திரி கூலிய புடிச்சிக்குவான். எனக்கு லேட்டு தெரியாதுங்க."

விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த பெண்ணிடம் தீப்பெட்டியை வாங்கி, முதல் திரியை நானே ஏற்றினேன். அமைப்பாளர்கள் வந்தபோது நாலு திரிதான் மிச்சம். நாலு பேர் ஏற்றினார்கள். விளக்கு அணையவில்லை, பந்தல் சாயவில்லை. அதிலிருந்து எந்த விழாவுக்கும் நான் முன்னாலேயே போய்விடுவேன். கோயில், நோன்புக் கஞ்சி, நூலகம், தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும் சரி. நான் வருகிறேன் என்றால் மரக்காணத்தில் பந்தல்காரர்கள் சீக்கிரம் எழுந்திருக்கிறார்கள் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சமுதாய வளைகாப்பு வந்தது. வசதி இல்லாத கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசாங்கமே கல்யாண மண்டபத்தில் வைத்து வளைகாப்பு நடத்தும். வரிசையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டு, சீர்த் தட்டு கொடுத்து, ஐந்து வகை சாதம் போட்டு அனுப்புவார்கள். எம்.எல்.ஏ. தலைமை.

அழைப்பிதழ் வந்தது. நான் மூன்றாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். படிப்பது மெதுவாக இருப்பதால் ஒரு வரியும் விட்டுப்போகாது. தலைமை என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, வளையல் அணிவித்து வாழ்த்துபவர் என்ற இடத்தில் ஒன்றியத் தலைவரின் மனைவி பெயர் இருந்தது.

எனக்கு முன்னால் இந்தத் தொகுதியில் இருந்தவர் ஆண். அவரே வளையல் போட்டார், நான் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவரும் மனைவியை இழந்தவர்தான். அவர் கையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விழாவை நடத்துகிற அதிகாரி அம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன்.

"மேடம், தலைமை உரை நீங்கதான். வளையல் மட்டும்... மாசமா இருக்கறவங்க வீட்டுப் பெரியவங்கல்லாம் வருவாங்க. ஏதாவது நெனச்சிக்குவாங்க."

"யாரும்மா நெனச்சிக்குவாங்க? பேர் சொல்லு."

"பொதுவா சொல்றேன் மேடம்."

"பொதுவா இருக்கறவங்க யாரும் எனக்கு ஓட்டுப் போடல. பேர் இருக்கறவங்கதான் போட்டாங்க. நான் வர்றேன்."

வளையலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உப்பளத்தில் கண்ணாடி வளையல் போடக் கூடாது. பாத்தியில் குனிந்து உப்பு வாரும்போது வளையல் உடைந்தால், சில்லு உப்போடு கலந்துவிடும். வெயிலில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும், பிரித்து எடுக்க முடியாது. அந்தக் குவியலையே ஒதுக்கிவிடுவார்கள். அதனால் காலையில் மேஸ்திரி எங்கள் கையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவான். கல்யாணமாகி வந்த மறு மாதமே வளையலைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போனவள் நான். புருஷன் செத்த அன்றைக்கு என் வளையலை உடைக்க நாலு பொம்பளைகள் வந்தார்கள். உடைக்க என் கையில் ஒன்றும் இல்லை. மாடத்திலிருந்து எடுத்துப் போட்டு உடைத்தார்கள். என் கை மொட்டையானது அவரால் இல்லை, உப்பால்.

வளைகாப்பு அன்று வழக்கம்போல முன்னாலேயே போனேன். மண்டபத்து வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், ஒருத்தி முக்காடு போட்டு நின்றாள். இருபது வருஷம் என்னோடு உப்புக் கூடை தூக்கியவள், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவளும் புருஷன் இல்லாதவள். அவள் மருமகளுக்கும் அன்றைக்கு வளைகாப்பு. இதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவது இப்போது எட்டு மாதம்.

"ஏண்டி வெளிய நிக்கற? உள்ள வா."

"நான் இங்கியே நிக்கறேங்க்கா. என் நெழல் அதும்மேல படக் கூடாது." கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, ஒன்னு கேக்கறேன், கோச்சிக்காத. எல்லாருக்கும் போடு. எம் மருமவள மட்டும் வுட்டுடு. இதுவும் போச்சின்னா அந்தப் பொண்ணு உசுரோட இருக்காது. ஒன் கால்ல வேணா வுழறேன்."

அதிகாரி சொன்னபோது வராத வலி அப்போது வந்தது. ஆனால் அவள்மேல் கோபப்பட முடியவில்லை. என்னைத் தடுப்பதற்கு முன்னால் தன்னையே அல்லவா வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா அதுக்கு சோறு பொங்கிப் போட்டது யாரு?"

"நான்தான்."

"மாத்திர எடுத்துக் குடுத்தது? காலுக்கு எண்ண தேச்சது?"

"நான்தாங்க்கா."

"அந்தக் கையால வராத கெடுதி, வளையலுக்கு மட்டும் எங்கிருந்துடி வரும்?"

"எனக்குத் தெரியாது. எனக்கு பயமா இருக்குது, அவ்ளோதான்."

"அது வயிறு. அதுகிட்டியே கேக்கறேன். வேணாம்னு சொல்லிச்சின்னா தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஆனால் மற்றவர்களுக்குப் போடாமல் திரும்பப் போவதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

மேடையில் ஒன்றியத் தலைவரின் மனைவி பட்டுப்புடவையில் வளையல் தாம்பாளத்தோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள். பிறகு தாம்பாளத்தை என் பக்கம் நீட்டினாள். "நீங்களே போடுங்கம்மா. எனக்கு முட்டி வலி, குனிய முடியல." அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அந்த முட்டி வலியை நான் மறக்க மாட்டேன்.

வரிசையில் முதல் நாற்காலியில் பர்தா போட்ட முஸ்லிம் பெண். ஒரு கையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறு கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். போனுக்குள் புருஷன், துபாயில்.

"அசைக்காம புடி, ஒன்னும் தெரியல" என்று அவன் அங்கிருந்து கத்தினான்.

"நீ மொதல்ல லீவு போட்டு வா, அப்ப நல்லா தெரியும்" என்றாள் இவள். வரிசை முழுக்கச் சிரித்தது. யாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று போட்டுக்கொண்டே போனேன். ஐந்தாவது நாற்காலியில் வாசலில் நின்றவளின் மருமகள்.

நான் தாம்பாளத்தைக் கீழே வைத்தேன். "ஒங்க அத்த வேணாங்குது. எனக்கு ஒன்னும் இல்ல. நீ சொல்லு. வேணாம்னா அந்தம்மா போடுவாங்க."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். மாமியார் முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள்.

"பெரியத்த, மொத ரெண்டும் வளைகாப்பு வரைக்கும் வரவே இல்ல. யாரும் எனக்கு வளையல் போடல. அப்ப அது யாரு கையால போச்சி?" என்று கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். "போடுங்க. பசிக்குது, புளி சாதம் வாசன இங்க வரைக்கும் வருது."

அவளும் இரண்டு வருஷம் உப்பு வாரியவள். உள்ளங்கை மரம் மாதிரி இறுகியிருந்தது, கட்டைவிரல் மடங்கவில்லை. மெதுவாக அமுக்கி இரண்டு வளையல் ஏற்றினேன். மூன்றாவது வளையல் எலும்பில் மாட்டியது. கொஞ்சம் அழுத்தினேன். உடைந்துவிட்டது.

அதிகாரி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். வாசலில் நின்றவள் அப்படியே செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

என் கண் தானாகத் தரையைத் தேடியது. உப்பளத்துப் பழக்கம், எந்தக் குவியலில் விழுந்தது என்று. பச்சைக் கண்ணாடி மூன்று துண்டாகச் சிமெண்டுத் தரையில் கிடந்தது, நன்றாகத் தெரிந்தது. எனக்குப் பயம் போய்விட்டது.

"இப்ப இன்னா ஆயிடுச்சி?" என்றேன். மைக் என் பக்கம் இருந்திருக்கிறது, மண்டபம் முழுக்கக் கேட்டது. "உப்புலயா வுழுந்துது? தரையிலதான வுழுந்துது. யாராவது தொடப்பம் எடுத்துட்டு வாங்க."

முதலில் சிரித்தது அந்த மருமகள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு கூட்டத்திலிருந்த உப்பளத்துப் பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத்தான் அது புரியும். யாரோ துடைப்பம் கொண்டுவந்து பெருக்கினார்கள். நான் கொஞ்சம் பெரிய அளவாகப் பார்த்து எடுத்து, இரண்டு கையும் நிறையப் போட்டுவிட்டேன்.

தைரியமாகப் பேசிவிட்டு வந்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கும் நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. கைக்கு ராசி உண்டு என்று நம்பியதால் இல்லை, இன்றைக்கும் நம்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு எது நடந்தாலும் அது என் கைமேல்தான் விழும், எனக்குப் பிறகு வருகிற எந்தக் கைம்பெண்ணையும் அதைச் சொல்லியே வாசலில் நிறுத்துவார்கள் என்று தெரிந்ததால். ஒரு பிள்ளை பிறக்க வேண்டும் என்று இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை, என் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட.

அடுத்த மாதம் எக்கியார்குப்பத்தில் வாலிபால் போட்டி, பரிசு கொடுக்கப் போயிருந்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது உதவியாளர் போனை என் காதில் வைத்தார். வாசலில் நின்றவள்தான் பேசினாள்.

"யக்கா, பொறந்துட்டுது. பொண்ணு. மூணு கிலோ."

"தாயி?"

"நல்லா இருக்கறா. கஞ்சி குடிச்சிட்டு இன்னும் கேக்கறா."

கோப்பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெயித்த பையன்கள் என்னையே பார்த்தபடி நின்றார்கள். அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எல்லாம் அம்மன் புண்ணியங்க்கா" என்றாள்.

கெட்டது நடந்திருந்தால் என் கை. நல்லது நடந்ததால் அம்மன். எனக்கு அம்மன்மேல் வருத்தம் இல்லை. அந்தக் குழந்தையைக் காட்டி என் கை நல்ல கை என்று நான் யாரிடமும் சாட்சி சொல்லவும் மாட்டேன். பிள்ளை தங்காமல் போயிருந்தாலும் என் கை இதே கைதான்.

"வர்ற மாசம் பேர் வெக்கறோம், வந்துடு" என்றாள். பிறகு பழைய மாதிரி கேலியாக, "எல்லா விசேஷத்துக்கும் மேடைக்கு வர்ற மாதிரி இங்கியும் வெறுங்கையோட வராத" என்றாள்.

"வெறுங்கையோடதான்டி வருவேன். அந்தக் கையாலதான் ஒன் பேத்தியத் தூக்குவேன்."

"சரி, வா" என்றாள். "ஆனா ஒன் வழக்கம்போல முன்னாடியே வந்து நிக்காத. வூடு பெருக்கணும்."

பேர் வைக்கிற அன்று ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். வீடு பெருக்கியிருக்கவில்லை. மருமகள் குளித்துக்கொண்டிருந்தாள், மகன் வாழை இலை வாங்கப் போயிருந்தான். மாமியார்க்காரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "சொன்னா கேக்க மாட்டியே நீ" என்று திட்டிக்கொண்டே எழுந்தாள். துடைப்பத்தை எடுக்க வேண்டும், குழந்தை கையில் இருந்தது. யாரிடம் கொடுக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தாள். அந்த நேரத்தில் குழந்தையை வாங்க என்னைத் தவிர யாரும் இல்லை.

நான் இரண்டு கையையும் நீட்டினேன்.