காதோரம் இரண்டு மட்டன் ரோல்ஸ்

ஹெட்போனுக்கு மட்டன் ரோல்ஸ் கட்டலாம் என்ற யோசனை எனக்கு உதித்தது போன செவ்வாய் காலை, ஒன்பதே காலுக்கு. வெளியே மைனஸ் எட்டு. பாரிஸில், லா சப்பல் மெட்ரோ வாசலில் என் ஹெட்போன் பெண்குரலில் ஏதோ முனகிவிட்டு அணைந்தது. இரவு முழுக்க சார்ஜ் போட்ட ஹெட்போன்!

ஒன்பதரைக்குத் தொலைபேசியில் இன்டர்வியூ. ஆறு மாதமாகத் தேடிய நிரந்தர வேலை. என் போனிலோ ஸ்பீக்கர் செத்து இரண்டு வாரம். ஹெட்போன் இல்லாவிட்டால் நான் செவிடு.

பக்கத்தில் சிவம் அண்ணையின் சாப்பாட்டுக் கடை. ஓடிப்போய், எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் அடுக்கிய சூட்டுக் கண்ணாடிப் பெட்டிமேல் ஹெட்போனை வைத்தேன். இரண்டு நிமிடம்... உயிர் வந்துவிட்டது! பேட்டரிக்குக் குளிர், அவ்வளவுதான். நமக்கு மட்டும்தான் குளிருமா என்ன?

உள்ளேயே பேசலாமே என்பீர்கள். கடைக்குள் பாட்டு ஒரு பக்கம், கொத்து ரொட்டி அடிக்கும் சத்தம் ஒரு பக்கம். பின்சந்துதான் அமைதி. அப்படியானால் சூட்டையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை மனிதர். இரண்டு ரோல்ஸை பேப்பரில் சுற்றி, ஹெட்போனின் இருபுறமும் ஒவ்வொன்றாக வைத்து, மேலே என் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டார்.

"ஆறினா கையைக் காட்டு பிள்ளை. மாத்தித் தாறன்."

பின்சந்தில், சமையலறை ஜன்னலுக்கு எதிரே, இன்டர்வியூ அருமையாகத் தொடங்கியது. ஒரு புறா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நான்கு. கழுத்தில் எண்ணெய் இறங்கியது. இன்டர்வியூவுக்குத் தயாராவது எப்படி என்று எத்தனை வீடியோ பார்த்திருப்பேன்... ஒருவராவது எண்ணெயைப் பற்றிச் சொன்னாரா?

பத்தாவது நிமிடம் குரல் விட்டு விட்டு வந்தது. கையைக் காட்டினேன். அதே நேரம் மறுமுனையில் அந்தப் பெண்மணி கேட்டார் – எதிர்பாராத சிக்கல் வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள்?

நான் வாயைத் திறக்குமுன் அண்ணை இடுக்கியோடு வந்துவிட்டார்.

"அசையாதை பிள்ளை. இடப்பக்கம் நல்லா ஆறிப்போச்சு. உந்த ரோலை நான் பேந்து சாப்பிடுறன்."

யார் அது என்று கேட்டார் பெண்மணி. பிரெஞ்சில் மூன்று பொய் தயாராக இருந்தது. ஆனால் விறைத்த வாய் பொய்க்கு வளையவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

தொப்பிக்கு மேலாக ஹெட்போனைத் தட்டிப் பார்த்தேன். போனது பேட்டரியா, வேலையா?

"ஆட்டிறைச்சியா, கோழியா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை இரண்டாவது சுற்று. டைரக்டரோடு, மறுபடியும் தொலைபேசியில். மைனஸ் பத்தாம்.

போனைத் திருத்தக் கொடுத்தால் முடிந்தது என்கிறாள் அக்கா. முடிந்துவிடும்தான், ரோல்ஸ் கொண்டுவந்த அதிர்ஷ்டமும் சேர்ந்து... அதுதானே என் கவலை! ரோல்ஸில் ஒரு குறை உண்டு – உருண்டு விழுகிறது. ஆகவே வியாழனுக்கு உளுந்து வடை இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். தட்டையாக உட்காரும். நடுவில் காற்றோட்டமும் உண்டு.